பதினோராவது ரீலில் நூற்று நாற்பது அடி

இருபத்தேழு வயதில் ‘ஓய்வு பெற்றவள்’ என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வேலையிலிருந்து ஓய்வுதான் பெற்றிருக்கிறேன். செங்கல்பட்டில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த சினிமா விநியோகக் கிடங்கில் ஏழு வருடம் பிரிண்ட் செக்கராக இருந்தேன். போன மாதம் கிடங்கை மூடிவிட்டார்கள். கலர்ப் படங்களுக்கு மெட்ராஸில் குளிரூட்டிய அறை வந்துவிட்டது. நான் தேர்வு எழுதித் தாலுகா ஆபீசில் எழுத்தராகச் சேரப்போகிறேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

கடைசி நாளன்று கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். அந்தப் பிலிமைக் கழுவினால் வெள்ளி கிடைக்கும்; அதற்காக எடைக்கு எடுத்துப் போகிறார்கள். எனக்கு உதவிக்கு வந்திருந்த சரளா என்ற புதுப் பெண், ஒரு பெட்டியை மட்டும் நான் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, ரொம்பப் பிடிச்ச படமா?”

“நான் அதைப் பார்த்ததே இல்லை” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். பிறகு உண்மை என்று தெரிந்ததும், “அப்புறம் ஏன் அழறீங்க?” என்று கேட்டாள். லாரி நின்றுகொண்டிருந்தது, பதில் சொல்ல நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

சூளை வேலைக்கு நடுவே தாமதமாக எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடமே கிடங்கில் சேர்ந்தேன். ஆறு மாதம் விரல்களை அறுத்துக்கொண்டதுதான் பயிற்சி. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை இதுதான். ஊர் ஊராகப் போகும் டூரிங் கொட்டகைகளிலிருந்து பெட்டி பஸ் கூரைமேல் திரும்பி வரும். ஒவ்வொரு ரீலையும் ஒரு சுழலியில் மாட்டி, வலது கையால் மறு சுழலியைச் சுற்ற வேண்டும். நடுவில் ஓடும் பிலிமின் இரண்டு ஓரங்களையும் இடது கைக் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டும் தொடாமலும் பிடித்திருக்க வேண்டும். ஓரத்துத் துளை கிழிந்திருந்தால் விரலில் முள் குத்தினாற்போல் இருக்கும். உடனே நிறுத்தி, கிழிந்ததை வெட்டி, ஒரு முனையில் படம் பதிந்திருக்கும் மருந்தைப் பிளேடால் சுரண்டி, பசை தடவி, மறுமுனையை அதன்மேல் வைத்து அழுத்திப் பத்து எண்ண வேண்டும். பசைக்கு அழுகிய வாழைப்பழ வாசனை. ரீல் முடிந்ததும் மேஜையில் இருக்கும் அளவுக் கருவி காட்டும் அடியை அட்டையில் எழுதி, எத்தனை ஒட்டு, எத்தனை அடி குறைவு, ‘காட்டலாம்’ அல்லது ‘காட்டக் கூடாது’ என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டியும் கிடங்கைவிட்டுப் போகாது. செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொட்டகையில் விளக்கு அணைந்தாலும் அதற்கு முன்னால் என் பெயர் எழுதப்பட்டிருக்கும். இருபது வயதில் அது போதையாக இருந்தது.

மேற்பார்வையாளர் தாமோதரன் சார் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கிடங்கு கூட்டுகிறவரைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். நாங்கள் போட்ட ஒட்டைக் காதருகே கொண்டுபோய் லேசாக வளைத்துக் கேட்பார். சத்தம் வந்தால் ஒன்றும் சொல்லாமல் கத்தரியை எங்கள் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான் திட்டு. அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது: செக்கர் படத்தைப் பார்க்கக் கூடாது.

“படம் பாக்கறவங்க கொட்டகையில இருக்காங்கம்மா. நாம ஓட்டையைப் பாக்கறவங்க. கதைக்குள்ள போயிட்டா விரல் தூங்கிடும்” என்பார்.

அதனால் எங்களுக்கு ஓசிப் பாஸ் கிடையாது. மேஜையில் பதித்த வெளிச்சக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் விளக்கை ஒட்டுப் போடும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். இருநூறு படங்களுக்குமேல் என் விரல்களில் ஓடியிருக்கின்றன. அவற்றில் பாதிக்குக் கதாநாயகன் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு படத்துக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. அதற்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. ‘டார்ச்சு பொண்ணு படம்’ என்றுதான் சொல்வார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம், பன்னிரண்டு ரீல். ஒட்டுப் போடும்போது வெளிச்சக் கண்ணாடியில் ஓரங்குலக் கட்டங்களில் அவளைப் பார்த்திருக்கிறேன். ரெட்டைச் சடை, பாவாடை தாவணி, இடுப்பில் செருகிய சின்ன நோட்டுப் புத்தகம், கையில் டார்ச். பதினாறு வயதுக்குமேல் இருக்காது. யாரோ செய்த கொலையை அவள் கண்டுபிடிக்கிறாள் என்பது மட்டும் தெரியும். ஒரு கட்டத்தில் போலீஸ்காரரை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்று தெரியாது. அந்த ஒரு கட்டத்தைப் பார்ப்பதற்காகவே தேவையில்லாத இடத்தில் விளக்கைப் போட்டிருக்கிறேன். திருக்கழுக்குன்றம் கொட்டகைக்கு அந்தப் படம் போனபோது அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் வாங்குவதற்குள் மழை பிடித்துக் காட்சியை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கோடையில் அந்தப் படம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக் கொட்டகையில் இரண்டு நாள் ஓடித் திரும்பி வந்தது. நான் சரிபார்த்து ‘நீளம் சரி, காட்டலாம்’ என்று எழுதித் திருப்போரூருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை திருப்போரூர்க் கொட்டகை முதலாளி பெட்டியோடு நேரில் வந்து நின்றார்.

“என்னய்யா படம் அனுப்புறீங்க? டார்ச்ச எடுத்துக்கினு பொண்ணு கடலுக்கு ஓடுது. ஜனங்க மூச்ச புடிச்சுக்கினு குந்திகினு கீது. திடீர்னு ஒரு அணைக்கட்டு வருது! மந்திரி மாலை போட்டுக்கினு ரிப்பன் வெட்றாரு! அது முடிஞ்சா கொலைகாரன் கையில வெலங்கு. எப்படிப் புடிச்சாங்கன்னே தெரியல. ஊரே சிரிக்குது சார். பெஞ்ச ஒடச்சிட்டாங்க.”

அவர் போன பிறகு சார் பதினோராவது ரீலை மாட்டச் சொன்னார். முதல்முறையாக, “படத்தைப் பாருங்கம்மா” என்றார். விளக்கைப் போட்டேன். இருந்தது: அணைக்கட்டு, மாலை, ரிப்பன். படத்துக்கு முன்னால் கட்டாயமாகக் காட்டும் செய்திப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. நூற்று நாற்பது அடி. ஒன்றரை நிமிடம். யாரோ நூற்று நாற்பது அடியை எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு இதை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் என் அளவு சரியாக வந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இடம் ஓடியபோது பிலிம் கொஞ்சம் வறண்டிருந்தது என்று என் விரல் சொன்னது. அடி சரியாக இருந்ததால் நான் விரலை நம்பவில்லை.

“யார் வேலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நாலு கொட்டகை சுத்தியிருக்கு” என்றார் சார்.

இரண்டு ஒட்டுகளையும் தடவிப் பார்த்தேன். சுத்தமான ஒட்டு. சுரண்டிய கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஏழு கொட்டகை ஆபரேட்டர்களின் ஒட்டும் எனக்கு அவரவர் கையெழுத்து மாதிரி தெரியும்.

“குப்பத்து ஏகாம்பரம் சார். அவர் இடது கைக்காரர்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள துண்டு வந்தா ஒட்டிடலாம். வரலன்னா மெட்ராஸ் ஆபீசுக்கு எழுதியாகணும். எழுதினா ஏகாம்பரத்தோட லைசென்ஸ் போகும். இல்லன்னா உங்க வேலை போகும். ரெண்டும் போனாலும் போகும். நீங்களே போயிட்டு வாங்க.” அன்று திங்கட்கிழமை.

பகலில் டூரிங் கொட்டகை பரிதாபமாக இருக்கும். கீற்றுக்கு நடுவே வெயில் விழுந்து மணல் முழுக்கப் புள்ளி. ஏகாம்பரம் புரொஜக்டர் அறை நிழலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“வாங்கம்மா. வருவீங்கன்னு தெரியும். ஒட்ட வெச்சுக் கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“துண்டு எங்கே?”

“எங்கிட்ட இல்ல.”

“நியூஸ் ரீலை வெச்சா எனக்குத் தெரியாதுன்னு எப்படி நினைச்சீங்க?”

அவர் தயங்கினார். “கோச்சுக்காதீங்க. செங்கல்பட்டம்மா அடிதான் பாக்கும், படம் பாக்காதுன்னு எல்லா ஆபரேட்டருக்கும் தெரியும்மா.”

என் பெருமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் வெட்டியதில்லை.

நடந்ததை அவர் சொன்னார். அந்த நூற்று நாற்பது அடியில் ஆளில்லாத ஒரு கட்டுமரம் கரைக்கு வருகிறது. முதல் நாள் காட்சியில் அது ஓடியது. மறுநாள் விடியலில் கடலுக்குப் போன ஒரு மரம் திரும்பவில்லை. அதில் இரண்டு பேர். பெண்கள் திரண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். ஆட்கள் கடலில் இருக்கும்போது வெறும் மரம் கரைக்கு வருவதை ஊருக்குள் காட்டலாமா, அதை வெட்டி எங்கள் கையில் கொடு என்று நின்றார்கள்.

“அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாத்துட்டு எப்படிம்மா இல்லன்னு சொல்றது? நானும் இந்த ஊர்லதான் பொண்ணு கட்டிகீறேன். வெட்டிக் குடுத்துட்டேன்.”

“மரம்?”

“இன்னும் வர்ல. அஞ்சு நாளாச்சு.”

கரையில் சாய்த்து வைத்திருந்த கட்டுமரங்களின் நிழலில் ஆறு பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கன்னியம்மா. ஐம்பது வயது இருக்கும், மீன் கூடை சுமந்து விற்பவர். காணாமல் போனவர்களில் ஒருவர் அவர் மகன். இன்னொருவன் மருமகள் வள்ளியின் தம்பி. வள்ளி எல்லோரையும்விடத் தண்ணீருக்குக் கிட்டே உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான்.

“யார்ரா இது ஏகாம்பரம்? காத்தடிச்சா பறந்துடும் போல கீது” என்றார் கன்னியம்மா.

“படத்த தொட்டுப் பாத்து அனுப்பற அம்மா. செங்கல்பட்டு.”

“குந்து பாப்பா. மண்ணு சுடும், இந்தச் சாக்குமேல குந்து. படம் உன்துதானா? நல்ல படம்தான். அந்த ஒரு எடம்தான் ஆவல.”

“நான் பார்த்ததில்லைம்மா” என்றேன்.

“இன்னாது? உங்கிட்டதான கீது படம்?”

“கையில ஓடும். பார்க்கக் கூடாது.”

“இது இன்னாடி கூத்து! மீனு விக்கறவ மீன் திங்கக் கூடாதுன்ற மாதிரி கீது” என்றாள் ஒருத்தி. ஐந்து நாளில் அன்றுதான் சிரித்தார்கள் என்று ஏகாம்பரம் பிறகு சொன்னார்.

அதன்பிறகு அவர்கள் எனக்குப் படத்தைச் சொன்னார்கள். ஒருத்தி தொடங்க இன்னொருத்தி பிடுங்கிக்கொள்ள, முன்னும் பின்னுமாக. பெண்ணின் அப்பா உப்பு வியாபாரி. கடலில் விழுந்து செத்துவிட்டார் என்று ஊர் நம்புகிறது. அவள் மட்டும் நம்பவில்லை.

“போலீஸ்காரன் சொல்றான், சின்னப் பொண்ணு, வூட்டுக்குப் போய்ச் சமையல் கத்துக்கோன்றான். அதுக்கு அது இன்னா கேக்குது தெரியுமா? ‘சமையல் கத்துக்கறேன். நீங்க எப்ப சார் உங்க வேலயக் கத்துக்கப் போறீங்க?’ன்னுது! கொட்டாயில ஒரே விசில்.”

நான் தேவையில்லாமல் விளக்கைப் போட்டுப் பார்த்த கட்டம் அதுதான். அதுவரை எத்தனையோ முறை பார்த்த அந்த வாய் அன்றுதான் எனக்குப் பேசியது.

“வெறும் மரம் வந்துச்சுல்ல, அதுல கயிறு கட்டிகீது. அந்த முடிச்சு மேல டார்ச்ச அடிச்சிப் பாத்துட்டுதான் கண்டுபுடிக்குது. கட்டினவன் கடலுக்குப் போறவன் இல்ல, அவங்க அப்பாரோட கணக்குப்புள்ளதான்னு” என்றார் கன்னியம்மா.

“அது டார்ச்ச அடிக்கறதுக்கு முன்னயே நான் சொல்லிட்டேன்.”

எல்லோரும் திரும்பினோம். பேசியது வள்ளி.

“அது கடலுக்குப் போறவன் போட்ட முடிச்சு இல்லன்னு கத்தினேன். எங்க வூட்டுக்காரரு பக்கத்துல குந்திகினு வாய மூடுன்னாரு.” மடியிலிருந்து வலை நூல் ஒன்றை எடுத்தாள். “அவரு போடறது வேற. ரெண்டு சுத்து சுத்தி வாலக் கீழாக்க உள்ள சொருவிடுவாரு. ஊர்ல யாருக்கும் வராது. எனக்கு நூறு வாட்டி சொல்லிக் குடுத்துட்டாரு.” என் முன்னால் போட்டுக் காட்டினாள். இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. இன்னொரு முறை போட்டாள். அவிழ்ந்தது. நூலை மறுபடியும் மடியில் செருகிக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

நான் வந்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஏகாம்பரத்தின் லைசென்ஸ், என் வேலை, வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன்.

கன்னியம்மா முழுக்கக் கேட்டார். “எங்கிட்டதான் கீது. அரிசிப் பானையில வெச்சு, மரம் வரணும்னு கன்னிமாருக்கு வேண்டிகினு கீறேன். மரம் வந்துச்சுன்னா மறுநாளே உனக்கு அனுப்பறேன். வர்லன்னா கடல்ல போட்டுடுவேன், அது அதோட போவட்டும். உன் பொழப்பும் பொழப்புதான் பாப்பா. அதனால இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எடுத்துக் குடுக்க எனக்குக் கை வர்ல. வூடு தொறந்துதான் கீது. போய் நீயே எடுத்துக்கோ.”

எழுந்து போனேன். வீடு சிறியது. பானை மூலையில் இருந்தது. தட்டைத் தூக்கினேன். அரிசிமேல் மஞ்சள் துணியில் சுற்றிய பிலிம் சுருள். கையை உள்ளே விட்டேன். துணி விலகிய இடத்தில் ஓரம் விரலில் பட்டது. வறட்சி இல்லாத, நான் நன்றாக அறிந்த பிலிம். தூக்கிப் பையில் போட்டால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். எங்கள் குடும்பம் அதுவரை சம்பாதித்த ஒரே நாற்காலி எனக்கு மிஞ்சும்.

வாசல் வழியாக வள்ளியின் முதுகு தெரிந்தது. துணியைச் சரிசெய்து தட்டை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

“எடுத்துக்கினியா?” என்றார் கன்னியம்மா.

“இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு.”

அவர் எழுந்தார். சாக்கில் ஒட்டியிருந்த மணலைத் தட்டி, என் பாவாடையிலும் தட்டிவிட்டார்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எடுத்திருக்கலாமே” என்றார். “எடுத்திருக்கலாம் சார்” என்றேன். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். கத்தரியை நகர்த்துவது போலவே இருந்தது. எழுதினேன்: ‘பதினோராவது ரீலில் நூற்று நாற்பது அடி இல்லை. அந்த இடத்தில் வேறு படம் இருந்தது. நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன்.’ ஏகாம்பரம் பெயரை எழுதவில்லை. சார் படித்தார். பேனாவை எடுத்துக் கீழே தன் கையால், ‘படத்தைப் பார்க்கக் கூடாது என்பது என் உத்தரவு’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். தாளைப் பசைப் புட்டிக்கு அடியில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை தபாலுக்குப் போகட்டும்.”

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மாமல்லபுரம் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் என் சுழலி நின்றுவிடும். வியாழக்கிழமை மதியம் கண்டக்டர் மாடியேறி வந்து, “கருவாட்டு நாத்தம் தாங்கலம்மா, இந்தா புடி” என்று ஒரு பொட்டலத்தை மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

செய்தித்தாளில் சுற்றி, வலை நூலால் கட்டியிருந்தது. பிளேடை எடுத்தவள் நிறுத்திவிட்டேன். முடிச்சைப் பார்த்தேன். இரண்டு சுற்று. வால் கீழாக உள்ளே சொருகியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அவிழவே இல்லை.

சார் தலையை நீட்டினார். “துண்டு வந்துடுச்சாம்மா?”

“மரம் வந்துடுச்சு சார்.”

“கடுதாசி வெச்சிருக்காங்களா?”

“இல்லை சார். முடிச்சு போட்டிருக்கார்.”

காற்று அவர்களை வடக்கே இழுத்துப்போய் நெல்லூர்ப் பக்கம் கரையில் ஒதுக்கியிருந்தது. அங்கிருந்து மரத்தோடு மீன் லாரியில் வந்து சேர்ந்தார்கள் என்று ஏகாம்பரம் பிறகு சொன்னார். பசைப் புட்டிக்கு அடியிலிருந்த தாளை சார் என்னிடமே கொடுத்துவிட்டார். இன்றும் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அன்றிலிருந்து நூறு அடிக்கு ஒரு முறை விளக்கைப் போட்டுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார். குப்பத்துக்கு அந்தப் படம் மறுபடி போகவில்லை.

துண்டை ஒட்டுவதற்கு முன்னால் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். ஆளில்லாத மரம் வருகிறது. ரெட்டைச் சடைப் பெண் குனிகிறாள். டார்ச் வெளிச்சம் மெதுவாகக் கயிற்றின்மேல் ஏறுகிறது. வள்ளி சொன்னது சரிதான், முட்டாள்தனமான முடிச்சு.

சரளா, அந்தப் படத்தில் நான் ஒழுங்காகப் பார்த்தது அந்த நூற்று நாற்பது அடிதான். மீதியை ஆறு பெண்கள் மணலில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்கள். லாரியில் ஏற்றும்போது நான் பிடித்துக்கொண்டு நின்றது பதினோராவது ரீல் இருந்த பெட்டி. உள்ளே என் ஒட்டு இருக்கிறது. இத்தனை வருடத்தில் அது விடவில்லை. எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. விளக்கு அணைந்த கொட்டகையில் வள்ளியின் பக்கத்தில் உட்கார வேண்டும்; அந்தப் பெண் டார்ச்சைத் தூக்குவதற்கு முன்னால், வாயை மூடு என்று யார் சொன்னாலும் கேட்காமல், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கத்த வேண்டும்.